கலைமதி போட்ட வடகம்

மூன்றாம் நாள்தான் மோசமான நாள் என்று மாமியார் காசியம்மாள் முன்பே எச்சரித்திருந்தாள். அப்படியிருந்தும், பானையின் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்ததும் கலைமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நசுக்கிய சின்ன வெங்காயமும் பூண்டும், உளுந்தும் வெந்தயமும் கடுகும் சீரகமும் ஒன்றாய்க் கலந்து பழுப்பும் பச்சையுமாக நுரைத்துக் கிடந்தன. ஓரத்தில் தேங்கியிருந்த நீரில் சின்னச் சின்னக் குமிழிகள் வெடித்தன. மாதக்கணக்கில் விளக்காத வாயும் மழையில் நனைந்து அவிந்த சாக்கும் சேர்ந்து மூச்சுவிட்டதுபோல, ஒவ்வொரு குமிழியும் ஒரு வீச்சத்தைக் கக்கியது.

"மூஞ்சியத் திருப்பாத கண்ணு. அது கோவிச்சுக்கும்" என்றாள் காசியம்மாள், மடியில் கிடக்கும் குழந்தையைப் பற்றிச் சொல்வதுபோல.

"நாறுதுங்க அத்த."

"நாறாம? வெங்காயத்தச் சாவடிச்சுப் பானைல போட்டு வெச்சா மல்லிப்பூவாட்டம் மணக்குமா? கைய உள்ள வுடு. நல்லா, அடி வரைக்கும்."

கலைமதி கையை விட்டாள். உள்ளே சூடாக இருந்தது. மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அடுப்பில்லை, நெருப்பில்லை, ஆனாலும் அந்தக் குழைசல் உடம்புச் சூட்டில் இருந்தது. விரலிடுக்கில் விளக்கெண்ணெய் வழவழத்தது. வெந்தயம் ஊறிப்போய்ச் சளிபோலக் கோழையாகியிருந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கிளறினாள். அடியில் இருந்தது மேலே வந்ததும் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து தெருவுக்குப் போய்விட்டது.

"பாத்தீங்களா, நாய்க்கே தாங்கல" என்றாள் கலைமதி.

"நாய்க்கு என்ன தெரியும், கழுத."

கலைமதி இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பொம்மிடி ரயில் நிலையத்திலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே இருந்த ஊர். அவளுக்குப் பிறந்த ஊர் அரூர்ப் பக்கம். அங்கேயும் அம்மா வருடா வருடம் வெங்காய வடகம் போடுவாள்தான். அந்த ஒன்பது நாளும் கலைமதி மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்குப் போய்ப் படிப்பாள். பிறகு தர்மபுரியில் கல்லூரி, விடுதி. விடுதிச் சாம்பாரில் கடுகைத் தவிர வேறு தாளிப்பு இருந்ததில்லை.

வெங்காயம் மலிந்து கிடக்கிற சித்திரையில் வடகம் போட்டு வைத்துக்கொண்டால், மழைக்காலத்தில் ஒரு உருண்டையிலிருந்து கொஞ்சம் கிள்ளிக் காய்ந்த எண்ணெயில் போடலாம். கீரையோ கொள்ளோ கருவாட்டுக் குழம்போ, எதுவானாலும் எழுந்து நிற்கும். இது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் காசியம்மாள் வகையறாவில் இன்னொரு வழக்கமும் இருந்தது. புதிதாக வந்த மருமகள் தன் முதல் சித்திரையில் ஒற்றையாளாக வடகம் போடவேண்டும். ஒன்பது நாளும் அந்தப் பானைக்குள் வேறு கை படக்கூடாது. பத்தாம் நாள் முதல் உருண்டையைக் கிள்ளித் தாளித்துப் புருசனுக்கு வைப்பார்கள். அவன் ஒரு வாய் தின்றுவிட்டு, "கை சேந்துச்சு" என்று சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் பங்காளி வீடுகள் ஐந்துக்கும் ஒவ்வொரு உருண்டை போகும். அன்றிலிருந்து அந்த வீட்டு அடுப்பு மருமகளுடையது. சொல்லாவிட்டால் மொத்தமும் குப்பைக்குழிக்கு. அந்தக் கை பிறகு அந்த வீட்டில் வடகப் பானையைத் தொடாது.

"அப்படி யாருக்காச்சும் ஆயிருக்குதுங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல. எங்க சின்ன மாமியாளுக்கு ஆச்சுன்னு சொல்லுவாங்க. அவ கடைசி வரைக்கும் மாட்டுக்கொட்டாய்லதான் கெடந்தா."

நாலாம் நாள், ஐந்தாம் நாள். காலையில் பிழிந்து உருட்டி வெயிலில் வைப்பதும், சாயங்காலம் உடைத்து அதே நீரில் போடுவதுமாகப் போயிற்று. சாப்பிடக் கையை வாயருகே கொண்டுபோனால் ஓங்கரித்தது. கரண்டியால் தின்றாள். தலைக்குக் குளித்தாலும் கழுத்தோரத்தில் அந்த வீச்சம் இருந்தது. புருசன் மாதவராஜ் வெக்கை என்று சொல்லிப் பாயை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனபோது, அவளுக்கு அவமானமாக இருந்தாலும் கோபிக்க முடியவில்லை. தன்னிடமிருந்தே ஓட முடிந்தால் அவளும் ஓடியிருப்பாள்.

ஆறாம் நாள் சாயங்காலம் உருண்டைகளை உடைத்துக்கொண்டிருந்தவள் ஒரு நொடி நின்றாள். வீச்சம் எங்கே போயிற்று? அதே கை, அதே பானை. ஆனால் இப்போது வந்தது வேறு. வெயிலும் எண்ணெயும் வறுத்த பருப்பும் கலந்த, நாக்கில் எச்சில் ஊறவைக்கிற ஒரு காரநெடி. அவள் குனிந்து பானைக்குள் முகத்தை வைத்து இழுத்தாள். யாராவது பார்த்தார்களா என்று நிமிர்ந்தாள். காசியம்மாள் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

மாதவராஜ் ஊர்ப் பால் சங்கத்தில் பால் சோதிப்பவன். பால்மானி வைத்து அடர்த்தி பார்ப்பது யாரும் செய்யக்கூடியது. அவன் மூக்குதான் ஊரில் பேர்போனது. தூக்கின் மூடியைத் திறந்து ஒரு இழுப்பு இழுத்தான் என்றால் நேற்றுக் கறந்ததா இன்று கறந்ததா, மாடு வேப்பிலை கடித்திருக்கிறதா, மடிநோய் வரப்போகிறதா என்று சொல்லிவிடுவான். சங்கத்துச் செயலாளர் குப்புராஜ், "மெசின் பொய் சொல்லும், மாதவன் மூக்குச் சொல்லாது" என்பார்.

பெண் பார்க்க வந்தபோது, பேசிக்கொள்ளட்டும் என்று இருவரையும் தனியே விட்டார்கள். அவன் முதலில் சொன்னது, "தலைல நேத்துப் பூவும் இன்னிக்குப் பூவும் சேத்துக் கட்டியிருக்கீங்க, இல்லீங்களா?" என்பதுதான். உண்மை. பூ போதாமல் அம்மா செய்த வேலை. அவள் வெட்கத்தோடு சிரித்த அந்த இடத்திலேயே கல்யாணம் முடிவாகிவிட்டது. தன் வாசத்தை இவ்வளவு நுணுக்கமாகக் கவனிக்கிற ஒருவனோடு வாழப்போகிறோம் என்ற நினைப்பே அவளுக்குப் பல நாள் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது.

பத்தாம் நாள் களி கிண்டிக் கொள்ளு கடைந்தாள். இரும்புக் கரண்டியில் கடலையெண்ணெய் காய்ந்ததும் வடகத்தைக் கிள்ளிப் போட்டாள். படபடவென்று பொரிந்து வாசம் கூரைக்கு எழும்பியது.

"காசி! உம்மருமவ வடகம் மெயின் ரோடு வரைக்கும் வருதே!" என்று தெருவிலிருந்து யாரோ கத்தினார்கள்.

"வரட்டும் வரட்டும். வந்து கண்ணு வெக்காதீங்க" என்று காசியம்மாள் பெருமையோடு கத்தினாள்.

மாதவராஜ் தட்டின் முன் உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது. களியை உருட்டிக் கொள்ளில் தோய்த்து வாயில் போட்டான். ஒரு நொடிதான். கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது. அப்படியே தட்டிலேயே துப்பினான். பாதி மென்ற களி, எச்சில் நூலோடு, அவள் பரிமாறிய கொள்ளின்மேல் விழுந்தது. அவன் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தான்.

"பொண நாத்தம்" என்றான். "என்னத்தப் போட்டிருக்கற நீ? பொண நாத்தம் நாறுது."

கலைமதி கரண்டியோடு நின்றாள்.

காசியம்மாள் சட்டியிலிருந்து ஒரு விரல் தொட்டு நக்கினாள். "எனக்கு நல்லாத்தான் தெரியுதுடா."

"உனக்குத் தெரியாதும்மா."

அவள் மறுபடி நக்கினாள். மகனைப் பார்த்தாள். ஊரே நம்புகிற மூக்கு. அவள் நாக்குக்கு யார் பேர் வைத்தார்கள்? மூன்றாம் முறை நக்கும்போது அவள் நெற்றி சுருங்கியது. "ஆமா... அடில லேசா என்னமோ ஒண்ணு இருக்குது. ஆமாண்டா. நாறத்தான் செய்யுது."

நல்லதை வாயில் வைத்துக்கொண்டே ஒருத்தி அதைக் கெட்டதாக ஆக்கிக்கொள்வதைக் கலைமதி கண்ணால் பார்த்தாள்.

போட்ட கையே கொட்டவும் வேண்டும் என்பதும் வழக்கம்தான். நாற்பத்தெட்டு உருண்டைகளை முறத்தில் அள்ளிக்கொண்டு குப்பைக்குழிக்குப் போனாள். சாணிமேல் அவை உருண்டன. கோழிகள் ஓடிவந்து ஒன்றையொன்று கொத்திக்கொண்டு தின்றன. ஒரு காக்கை முழு உருண்டையைக் கவ்விக்கொண்டு பறந்தது. சந்தில் நின்றிருந்த இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு முந்தானையை மூக்கில் வைத்தார்கள். பத்து நிமிடத்துக்கு முன்னால் இதே வாசத்தைத்தான் அவர்கள் புகழ்ந்திருப்பார்கள்.

அன்றிலிருந்து காசியம்மாள் அவளைத் தாளிக்க விடவில்லை. திட்டவும் இல்லை. "நீ காய அரிஞ்சு குடு, போதும்" என்று தன்மையாகச் சொன்னாள். அந்தத் தன்மைதான் அறுத்தது. கலைமதி புளி போட்டும் சீயக்காய் போட்டும் கையைத் தேய்த்தாள். தோல் வெடித்தது. யாரும் இல்லாதபோது கையை முகர்ந்து பார்ப்பாள். ஒன்றும் இல்லைபோல் இருக்கும். மறுபடி முகர்ந்தால் ஏதோ இருப்பதுபோல் தெரியும். தன் கையைத் தன் உடம்பில் படாமல் தள்ளி வைத்துக்கொண்டு படுத்தாள். மாதவராஜ் மாடியில்தான் படுத்தான். வெறும் சோறும் உப்பும் வாழைப்பழமும் தின்று மெலிந்துகொண்டே வந்தான். "வாய் செத்துப்போச்சு புள்ளைக்கு" என்று காசியம்மாள் பக்கத்து வீட்டில் சொன்னது சுவர் தாண்டிக் கேட்டது.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம், உள்ளறையில் எலி செத்து நாறியது. பரணில் எங்கேயோ மூட்டைகளுக்குப் பின்னால். முந்தாநாள் லேசாக இருந்த நாற்றம், அன்று வெயில் ஏற ஏற வாசற்படி தாண்டி வந்தது. காசியம்மாள் களத்துக்குப் போயிருந்தாள். கலைமதி முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, குச்சியும் பழைய முறமும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போனவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

மாதவராஜ் பரணுக்கு நேர் கீழே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தான்.

நிதானமாக, ஒரு கையில் போனைப் பார்த்தபடி. மேலே மூட்டையின் விளிம்பிலிருந்து ஒரு புழு சுவரோடு நெளிந்து இறங்கிக்கொண்டிருந்தது. அறையே அழுகிக் கிடந்தது. அவளுக்குத் துண்டைத் தாண்டிக் கண் எரிந்தது. அவன் வாழைப்பழத்தை உரித்து ஒரு கடி கடித்தான்.

"என்னங்க."

"ம்?"

"இங்க என்ன வாசம் வருது?"

நிமிர்ந்தான். அவள் முகத்துத் துண்டைப் பார்த்தான். கையிலிருந்த முறத்தைப் பார்த்தான். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. அப்புறம் அவசரமாக மூக்கைச் சுளித்து, "ஆமா, என்னமோ நாறுது" என்றான்.

"என்ன நாறுது?"

அவன் கண் அறையைச் சுற்றித் தேடியது.

"மூக்குப் போயிடுச்சா?"

அவன் பழத்தைத் தட்டில் வைத்தான். "கதவச் சாத்து" என்றான்.

"சாத்தமாட்டேன். உள்ள எலி செத்துக் கெடக்குது. வெளில வாங்க."

கிணற்றடியில் நின்று சொன்னான். தை மாதம் ஊரே படுத்த அந்தக் காய்ச்சலில் மூக்கு சுத்தமாக அடைத்துப் போனது. மாசியில் கொஞ்சம் தெளிந்தது. பங்குனியில்தான் எல்லாம் தாறுமாறாகிவிட்டது. வெங்காயம், பூண்டு, காப்பி எல்லாம் பிணம்போல நாறின. உண்மையிலேயே நாறுகிற சிலது வரவே இல்லை. சேலத்தில் ஒரு டாக்டரிடம் போய்வந்திருக்கிறான். ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும், தானாகத் திரும்பும் என்றாராம்.

"சங்கத்துல எப்படிச் சமாளிக்கிறீங்க?"

"மானி இருக்குது. கண்ணுல பாத்தாலே பாதி தெரியும். சும்மா ஒரு இழுப்பு இழுக்கறாப்பல இழுத்துக்குவேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஆனி மாசம் கூட்டத்துல வேலையப் பர்மனென்ட் பண்றாங்க. மூக்குப் போச்சுன்னு தெரிஞ்சா சங்கத்துல பால் அளக்கற மாது வந்து எங்க எடத்துல குந்திக்குவான். அவன் ரெண்டு வருசமா அதுக்குத்தான் அலையறான்."

"நான் கேட்டது அது இல்லீங்க. வடகத்த."

அவன் கிணற்றுச் சுவரைப் பார்த்தான். "வாயில வெச்சதும் தாங்கல கலை. சொல்லிட்டேன். சொன்ன பொறவு எப்படி மாத்தறது? ஆறு மாசந்தானே. ஆனி போயிடட்டும், அப்பறம் நானே அம்மாகிட்ட எடுத்துச் சொல்றேன். அது வரைக்கும்..."

"அது வரைக்கும் எங்கை நாறட்டும்."

"நாறுதுன்னு நான் சொல்லல."

"பொண நாத்தம்னு சொன்னீங்க. எச்சிலத் தட்டுல துப்பிட்டுச் சொன்னீங்க."

அவன் அவள் கையைப் பிடிக்க வந்தான். அவள் பின்வாங்கினாள். இத்தனை நாள் தன் கையைத்தான் தள்ளி வைத்திருந்தாள். இப்போது அவன் விரல்கள், அவற்றில் ஒட்டியிருந்த வாழைப்பழப் பிசுக்கு, அவன் உதட்டோரத்துச் சோற்றுப் பருக்கை எல்லாமே அவளுக்குக் குமட்டின. உள்ளே போய் அந்த எலியைக் குச்சியால் இழுத்து முறத்தில் தள்ளினாள். வயிறு பிளந்து கசிந்திருந்தது. பரவாயில்லை என்று தோன்றியது. இது செத்தால் நாறும். நாறுவதை மறைக்காது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவனுக்காக என்று நினைத்துக்கொண்டாள். ஒரு நாள் அப்படி நினைக்கவும் முடியவில்லை. அவன் சங்கத்துக்குக் கிளம்பும்போது தலைவாரிக்கொள்வது, ஊர்க்காரர்களிடம், "உங்க மாடு நேத்து என்ன தின்னுச்சுன்னு சொல்லட்டுமா?" என்று சிரிப்பது, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருக்கவேண்டியிருந்தது. கல்யாண ஆல்பத்தைத் திறந்தவள் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடிவைத்தாள்.

வைகாசி முதல் வாரத்தில் காசியம்மாளுக்குக் காலில் சுளுக்கு. காலைப் பாலைக் கலைமதி சங்கத்துக்கு எடுத்துப்போனாள். வரிசையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மேசைக்குப் பின்னால் மாதவராஜ், பக்கத்தில் நோட்டோடு குப்புராஜ். ஒவ்வொரு தூக்காக மூடியைத் திறந்து, கண்ணை மூடி, ஒரு இழுப்பு. "போங்க." அடுத்தது. இழுப்பு. "போங்க." அவளுக்குத் தெரிந்த பிறகு பார்க்கும்போது அது தெருக்கூத்துக்காரன் வேலைபோல இருந்தது.

அவளுக்கு முன்னால் குள்ளம்மாள் நின்றாள். ஒற்றை மாட்டை வைத்துப் பிழைக்கிறவள். பகலில் மண்டியில் வெங்காயம் உரிக்கப் போவாள். கை, சேலை, தூக்கின் பிடி எல்லாவற்றிலும் வெங்காயம். மாதவராஜ் மூடியைத் திறந்தான். குனிந்தான். வெடுக்கென்று தலையைப் பின்னால் இழுத்தான்.

"இது வேணாம். எடுங்க."

"ஏந்தம்பி?"

"கெட்டுப்போச்சு. நாறுது."

"இப்பத்தான் கறந்தேன் தம்பி. சூடுகூட ஆறல, தொட்டுப் பாரு."

"மாட்டுக்கு என்னமோ சீக்கு. எடுத்துட்டுப் போங்க, மத்தவங்க பால்ல கலந்துடப் போவுது."

குப்புராஜ் எட்டிப் பார்த்தார். "மாதவன் சொன்னா சொன்னதுதான் குள்ளம்மா. அந்தாண்ட போ."

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் மூக்கை உறிஞ்சினார். "ஆமாமா, இங்க வரைக்கும் வருதே" என்றார். இன்னொருத்தி துண்டை எடுத்து மூக்கில் வைத்தாள்.

குள்ளம்மாள் யாரையும் திட்டவில்லை. தூக்கைக் கீழே வைத்துவிட்டு, தன் வலது கையை மெதுவாக மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். திருப்பிப் புறங்கையையும் முகர்ந்தாள்.

கலைமதிக்கு உடம்பு முழுக்கக் கூசியது.

தன் தூக்கைக் கீழே வைத்தாள். குள்ளம்மாளின் தூக்கை எடுத்து மூடியில் பாலைச் சரித்து ஊற்றினாள். வெதுவெதுப்பாக, நுரையோடு இருந்தது. பச்சைப்பால் அவளுக்குப் பிடிக்காது. அந்தக் கவிச்சியும் உதட்டில் ஒட்டுகிற கொழுப்பும் சின்ன வயதிலிருந்தே ஆகாது. முழு மூடியையும் குடித்தாள்.

"நல்ல பாலு" என்றாள்.

"கலை" என்றான் மாதவராஜ் தாழ்ந்த குரலில். "வூட்டுக்குப் போ."

"போறேன். நீங்க சொல்லுங்க, போறேன்."

"என்னத்தச் சொல்றது? என்னம்மா நடக்குது?" என்றார் குப்புராஜ்.

அவள் இன்னொரு மூடி ஊற்றினாள். குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். தானே சொல்லிவிடுவது அவளுக்குச் சுலபம். ஒரு வரி போதும். ஆனால் அது அவன் வாயிலிருந்து வரவேண்டும். அவள் சொன்னால், புருசனைக் காட்டிக்கொடுத்தவள் என்ற ஒரு நாற்றமும் சேர்ந்து அவள் கையில்தான் ஒட்டும்.

மூன்றாவது மூடிக்காகத் தூக்கைச் சாய்த்தாள்.

"போதும், வுடு" என்றான் அவன். எழுந்து நின்றான். "பாலு நல்லாத்தான் இருக்கும். எனக்குத்தான் மூக்கு சரியில்லீங்க. காய்ச்சலு வந்ததுலருந்தே. நாலு மாசமாச்சு."

குப்புராஜ் முதலில் சிரித்தார். யாரும் சேர்ந்து சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். குள்ளம்மாள் தூக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அப்போது வரிசையின் கடைசியிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது:

"அப்ப அந்த வடகம்?"

மாதவராஜ் தலையைக் குனிந்துகொண்டான். "அதுவும் நல்ல வடகமாத்தான் இருந்திருக்கும். எனக்குத் தெரியாதுங்க."

"நான் அன்னிக்கே சொன்னேன்" என்றாள் துண்டை மூக்கில் வைத்திருந்தவள், அதை மெல்ல எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு. "என்னா வாசம்! அதப்போயி நாறுதுன்னானேன்னு."

கலைமதிக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

குப்புராஜ் அன்றே தீர்த்துவிட்டார். இனி மாது முகர்வான், மாதவராஜ் நோட்டு எழுதட்டும். ஆனிக் கூட்டத்தில் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் காசியம்மாள் சுளுக்கிய காலோடு எழுந்து நின்று மகனைக் கேட்டாள்: "நாப்பத்தெட்டு உருண்டைடா! கோழிக்குக் கொட்ட வெச்சியே! நக்கிப் பாத்து நல்லாருக்குதுன்னேனே, என்னையும் சேத்துல்ல முட்டாளாக்கிட்ட!" பிறகு மருமகள் பக்கம் திரும்பியபோது குரல் குழைந்தது. "வெயிலு இன்னும் இருக்குது கண்ணு. மறுக்காப் போடலாம். நாளைக்கே வெங்காயம் வாங்கியாறச் சொல்றேன்."

"வேணாங்க அத்த."

"என்ன வேணாம்? கை சேரணுமில்ல?"

"அஞ்சு வூட்டுக்கும் அவரு போயிச் சொல்லிட்டு வரட்டும். உருண்டை இல்லாம. வெறுங்கையோட."

"ஆம்பள போயி வடகத்தப் பத்திப் பேசறதா?"

"துப்புனது ஆம்பளதானுங்களே."

மாதவராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

நாலு வீட்டில் நல்லபடியாகவே போயிற்று. ஐந்தாவது வீட்டில், பாவம் வெயிலில் வந்தவன் என்று கட்டாயப்படுத்திக் காப்பி கொடுத்துவிட்டார்கள். மறுக்கத் தெரியாமல் ஒரு வாய் குடித்தான். அவர்கள் வாசலிலேயே வாந்தி எடுத்துவிட்டான். பொய்யில்லை என்பதற்கு அந்த வீட்டுக்காரர்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

பொழுது சாய அவன் திரும்பி வந்தபோது கலைமதி கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருந்தாள். அவன் சட்டை முன்பக்கம் நனைந்து மஞ்சளாகியிருந்தது. பத்தடி தள்ளி நின்றான்.

"சொல்லிட்டேன். அஞ்சு வூட்லயும்."

அவள் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து நடுவில் வைத்துவிட்டு, பழைய இடத்துக்கே போனாள். அவன் வாய் கொப்பளித்தான். முகத்தைக் கழுவினான். கழுவியும் போகாமல் அங்கேயே நின்றான்.

"எம்மேல என்ன நாத்தம் வருது?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணும்..."

"பொய் சொன்னீங்கன்னா இப்பவே அரூர் பஸ் ஏறிடுவேன்."

"கெட்டுப்போன முட்டை. அதோட ரப்பர் எரிஞ்சாப்பல ஒண்ணு."

"தலைமுடியா?"

"முடியில கம்மி. கழுத்துக்கிட்டதான் ஜாஸ்தி." பிறகு, "மாடிக்குப் போனது வெக்கைக்கு இல்ல" என்றான்.

கேட்கவேண்டும் என்றுதான் கேட்டாள். இருந்தாலும் முகம் சுருங்கியது. கல்யாணமாகி ஒன்பதாவது மாதத்தில் புருசன் சொல்கிற வார்த்தையா இது? ஆனால் அவன் முகத்தில் தலைவாரிக் கிளம்புகிற அந்த ஆள் இல்லை. வெளிறிப்போன, பசித்த, உண்மையைச் சொல்லிவிட்டுப் பயந்து நிற்கிற ஒருத்தன்தான் நின்றான்.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா நான் என்ன செத்தா போயிருப்பேன்?"

"தெரியல."

"உக்காருங்க."

அவன் துவைக்கிற கல்லின் ஓரத்தில் உட்கார்ந்தான். அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தென்னங்கீற்று எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்தாள். காற்று மேற்கிலிருந்து வந்தது. தன்மேல் பட்ட காற்று அவனிடம் போகாதபடி சுற்றி வந்து, அவனுக்குக் கிழக்கே உட்கார்ந்தாள். இப்போது அவன் சட்டையிலிருந்து புளித்த காப்பி வாந்தியின் வீச்சம் நேராக அவள்மேல் வந்து மோதியது. அவளுக்கு ஓங்கரித்தது. முந்தானையால் மூக்கை இறுகப் பொத்திக்கொண்டாள்.

எழுந்து போகவில்லை.